எதற்கு ஏங்கப் போகிறோம்?

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டுப் பிள்ளை வெளிநாடு கிளம்புகிறது என்பதை அந்த வீட்டுக் கூடத்தில் கிடக்கும் எடைக்கருவியே சொல்லிவிடும். அமெரிக்க விமானங்களில் பெரும்பாலும் இரண்டு பெட்டிகள், பெட்டிக்கு 23 கிலோ. அந்த 46 கிலோவுக்குள் எது போவது, எது நிற்பது என்று பல வாரங்களுக்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், ஜவ்வரிசி வடகம், குக்கர், அதற்கு உபரியாக இரண்டு கேஸ்கட், காய்ச்சல் மாத்திரை, ஒரு காமாட்சி விளக்கு. ஒவ்வொன்றையும் உள்ளே வைக்கும்போது வீட்டார் ஒரு கணிப்பைச் செய்கிறார்கள்: இது இல்லாவிட்டால் அங்கே தவித்துப்போவாய். வெளியே எடுத்து வைப்பதும் கணிப்புதான்: இதில்லாமல் சமாளித்துக்கொள்வாய். கிளம்புகிறவரும் மனத்துக்குள் இரண்டு பட்டியல்கள் வைத்திருப்பார். எதையெல்லாம் மிஸ் பண்ணுவேன் என்பது ஒன்று; எது தொலைந்தால் நிம்மதி என்பது இன்னொன்று.

இந்தப் பட்டியல்கள் எந்த அளவுக்குப் பலிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தனி மனிதர்கள் தவறாகக் கணிப்பது இயல்பு. ஆனால் கணிக்கிற எல்லாரும் ஒரே பக்கமாகத் தவறுவது தற்செயலாக இருக்க முடியாது. அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளவும் வழியிருக்க வேண்டும்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் வசதியான பகுதி. சாரதா கல்லூரி சாலையை ஒட்டிய தெருக்களில் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஜவுளி வணிகர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் குடியிருக்கிறார்கள். மாடியில் ஏறினால் சேர்வராயன் மலை தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் கீழ்த்தளத்தில் என்ற வீடுகள் இங்கே அரிதல்ல. 2015-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் அதில் முன்வரிசை நாடுகள். இவ்வளவு பெரிய கூட்டம் கிளம்புமுன் தனக்குள் செய்துகொண்ட கணிப்பைப் பற்றி நாம் பேசுவது குறைவு. விசாவையும் சம்பளத்தையும் பற்றித்தான் பேசுகிறோம்.

வருங்காலத்தில் நமக்கு எப்படி இருக்கும் என்று நாமே கணிப்பதைப் பற்றி உளவியலாளர்கள் டேனியல் கில்பர்ட்டும் திமோத்தி வில்சனும் 1990-களிலிருந்து ஆராய்ந்துவந்தார்கள். அவர்கள் கண்டது இது: ஒரு நிகழ்வு இன்பம் தருமா துன்பம் தருமா என்பதை மனிதர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு ஆழமாக, எவ்வளவு காலம் என்பதில்தான் பிசகுகிறார்கள். இரண்டையும் மிகைப்படுத்துகிறார்கள். ஒன்றையே உற்று நினைக்கும்போது அன்றாடத்தின் மற்ற நூறு காரியங்கள் நினைவிலிருந்து விலகிவிடுவது இதற்கு முதன்மையான காரணம். 'பொங்கலன்று ஊரில் இல்லையே' என்று இப்போதே கலங்குகிறவர், அந்தப் பொங்கல் நாளிலும் தனக்கு அலுவலகக் கூட்டம் இருக்கும், துணி துவைக்க வேண்டியிருக்கும், பனியைத் தள்ளிவிட்டுக் காரை எடுக்க வேண்டியிருக்கும் என்பதை நினைப்பதில்லை.

1998-இல் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் மத்திய மேற்கிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் படித்த ஏறத்தாழ 2,000 மாணவர்களிடம் கேட்டார்கள். தம் வாழ்க்கை பற்றிய நிறைவில் இரு பகுதியினருக்கும் வேறுபாடில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிக நிறைவோடு இருப்பார்கள் என்று இரு பகுதியினருமே சொன்னார்கள். வெயிலும் கடலும் கண்ணுக்கு உடனே தெரிகிற வேறுபாடுகள். அவற்றை வைத்தே முழு வாழ்க்கையையும் அளந்துவிட்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவரின் நாளோ வெயிலால் ஆனதல்ல.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2003-இல் எலிசபெத் டன், வில்சன், கில்பர்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு. ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குத் தங்கும் விடுதி குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டது. நல்ல விடுதி கிடைத்தால் ஆண்டு முழுவதும் மகிழ்ச்சி, மோசமானது வாய்த்தால் ஆண்டு முழுவதும் துன்பம் என்று மாணவர்கள் நினைத்தார்கள். ஓராண்டுக்குப் பின் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசமில்லை. கணிக்கும்போது அவர்கள் கட்டடத்தையும் அமைவிடத்தையும் எடைபோட்டார்கள். உண்மையில் அவர்களுடைய மகிழ்ச்சி உடன் தங்கியவர்களையும் அங்கே உருவாகும் உறவையும் சார்ந்திருந்தது. மனிதர்களின் கணக்கை அவர்கள் போடவேயில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் போடப்படும் பட்டியலிலும் இதே பிசகு இருக்கிறது. பட்டியலில் ஏறுபவை பெயர் சொல்லக்கூடியவை, கையால் எடுக்கக்கூடியவை, இங்கே உண்டு அங்கே இல்லை என்று பளிச்சென்று தெரிபவை. அப்படிப்பட்டவைதான் வெகு சீக்கிரம் அங்கேயும் வந்துசேர்கின்றன. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் லண்டன் ஈஸ்ட் ஹாமிலும் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் நியூஜெர்சி எடிசனிலும் முருங்கைக்காய் முதல் சுண்டைவற்றல் வரை கிடைக்கிறது. ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்து மரவள்ளிக்கிழங்கில் இருந்து வருகிறது. அதை விற்பதற்கென்றே 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் தொடங்கப்பட்டது. பெட்டியில் இடமில்லை என்று இங்கே எடுத்துவைத்த ஜவ்வரிசி, கடல் தாண்டிய ஒரு கடை அலமாரியில் நமக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கக்கூடும்.

மாம்பழம் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற பண்டம். இந்திய மாம்பழத்தை அமெரிக்கா நீண்ட காலம் அனுமதிக்கவில்லை. கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அனுப்பலாம் என்ற ஏற்பாட்டோடு 2007-இல்தான் கதவு திறந்தது. பூச்சிப் பிரச்சினையைச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தடைவிதித்து அடுத்த ஆண்டு விலக்கியது. இத்தனைக்குப் பிறகும் போய்ச் சேர்வதில் அல்போன்சா போன்ற வகைகளே அதிகம். சேலத்து மல்கோவா அவ்வளவாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே 'மல்கோவாவை மிஸ் பண்ணுவேன்' என்ற கணிப்பு பலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அங்கே இருப்பவர்களோடு பேசிப் பார்த்தால் அவர்கள் பழத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம்தான். வைக்கோலில் பரப்பிய பழம் பழுக்கிற வாரத்தில் வீடெல்லாம் எழும் வாசனை, 'இது நாளைக்கு' என்று தொட்டுப் பார்த்து ஒதுக்கும் பாட்டி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும் தட்டு, அந்தத் தட்டு வெறுமனே திரும்பி வராத வழக்கம். இதில் பழம் மட்டுமே வாங்கக்கூடியது.

இப்படிப் பார்க்கும்போது, பட்டியலில் ஏறாமல் நின்றுபோகிறவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அவை எல்லாமே முன்திட்டம் இல்லாமல் நடப்பவை. மாலை ஏழு மணிக்குத் தட்டுவடை செட் வண்டியருகே நின்றால் தெரிந்தவர் ஒருவராவது வருவார். அவரைச் சந்திக்க வேண்டுமென்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். சந்தித்ததை நினைவில் வைத்திருக்கவும் மாட்டீர்கள். பீட்ரூட், கேரட் துருவலும் காரச் சட்னியும் வைத்து அதே செட்டை வெளிநாட்டுச் சமையலறையில் செய்துவிடலாம், பலர் செய்கிறார்கள். எதிர்பாராமல் வந்து நிற்கும் அந்த மனிதரை வரவழைக்க முடியாது. அங்கே ஒரு நண்பரைப் பார்ப்பதற்குக் காலண்டரைத் திறக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கிடைக்கும். சந்திப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் அது ஏற்பாடு செய்யப்பட்ட சந்திப்பு.

இரண்டாவது பட்டியல், அதாவது எது தொலைந்தால் நிம்மதி என்பது, இன்னும் சிக்கலானது. தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருப்பது அதில் கட்டாயம் இருக்கும். மேட்டூரிலிருந்து காவிரி நீர் வந்தும் சேலத்தில் குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஆண்டுகள் பல. ஐந்து ரோடு நெரிசலும் ஹாரன் சத்தமும் இருக்கும். உறவினரின் கேள்விகள் இருக்கும்: 'சம்பளம் எவ்வளவு கண்ணு? கல்யாணம் எப்போ?' இவற்றில் தண்ணீரும் நெரிசலும் சொன்னபடியே நடக்கின்றன. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்த நாட்களுக்காக யாரும் ஏங்குவதில்லை. சத்தம் அப்படியல்ல. சத்தம் போய் நிம்மதி வரும் என்று நினைத்துப் போனவர்களை, குளிர்கால மாலை நான்கரை மணி இருட்டில் ஒரு மனிதக் குரலும் கேட்காத புறநகர்த் தெரு முதலில் திடுக்கிட வைக்கிறது.

உறவினரின் கேள்விகள்தான் இதில் ஆழ்ந்து யோசிக்க வேண்டியவை. சம்பளம் கேட்கிற அதே சித்தப்பாதான் நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார். கேட்கும் உரிமையும் ஓடிவரும் கடமையும் ஒரே உறவின் இரு பக்கங்கள். ஒன்றை மட்டும் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம் என்பது கிளம்புகிறவரின் கணிப்பு. இரண்டும் சேர்ந்தே போகின்றன.

ஆனால் இந்தக் கருத்தை இத்தோடு விட்டுவிட்டால் அது ஒரு சாராரின் கருத்தாகவே நிற்கும். ஊருக்கு நம்மைத் தெரிந்திருப்பது எல்லாருக்கும் ஒரே அனுபவமாக இருப்பதில்லை. 'நீ யார் வீட்டுப் பையன், எந்தப் பக்கம்?' என்ற விசாரிப்பு ஒருவருக்கு அரவணைப்பு; தலித் குடும்பத்தில் பிறந்த இன்னொருவருக்கு அதே விசாரிப்பு சாதியைத் துருவும் கேள்வி. அதை விட்டு விலகும்போது கிடைக்கும் விடுதலை உண்மையானது, பல ஆண்டுகள் கழிந்தாலும் குறையாதது. அவருக்கும் முழு விடுதலை வாய்ப்பதில்லை. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் நிறைவேற்ற வேண்டியிருந்தது என்றால், சாதியும் கூடவே விமானம் ஏறியிருக்கிறது என்று பொருள். பெண்களின் கணிப்பும் இப்படித்தான். இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து வருவதும், எங்கே போனாய் என்று யாரும் கேட்காததும் எவ்வளவு பெரிய பேறு என்பது பல பெண்களுக்குப் போன பிறகே தெரிகிறது. இழப்புகளைப் பெரிதாகக் கணித்தவர்கள் பெறப்போவதைச் சிறிதாகக் கணித்துவிட்டார்கள். பெறப்போவதையும் எழுதாத கணக்கு பாதிக் கணக்கு.

இந்த வட்டாரத்துக்குக் கடல் தாண்டுவது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் போன மாவட்டங்களில் பழைய சேலம் மாவட்டமும் ஒன்று. இன்றைய நாமக்கல் 1997 வரை அதற்குள்தான் இருந்தது. அவர்களில் பெரும்பாலோரைத் திரட்டியவர் கங்காணி. அவர் தன் ஊரிலும் தன் உறவிலும் ஆள் சேர்த்தார். சுரண்டலும் கடனும் நிறைந்த முறை அது, ஐயமில்லை. ஆயினும் ஏக்கம் என்ற கோணத்தில் பார்த்தால், அங்கே ஊரின் ஒரு துண்டே பெயர்ந்து போயிற்று. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்த அறையில் இருந்தவர் பெரும்பாலும் தெரிந்தவர். திருவிழாவும் சாதியும் சண்டையும் கூடவே போயின.

1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரு அரசுகளும் பங்கிட்டன. மீந்த 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தாயகம் என்பது தாத்தா சொன்ன ஊர்க்கதையாகவே அவர்களுக்குத் தெரியும். வந்த பிறகு, சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தில் அவர்கள் சிலோன்காரர்கள் ஆனார்கள். பங்காளிகளுக்கு அவர்கள் விருந்தாளிகள், அல்லது நிலத்தில் பங்கு கேட்க வந்தவர்கள். சமவெளியில் பிழைப்பு தேறாமல் ஏராளமானோர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும் நோக்கில் 1968-இல் அங்கே அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியிருந்தது. பின்னாளில் அதுவே டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. தேயிலை தெரிந்த கைகள், குளிர் பழகிய உடம்பு. கூடலூரும் கோத்தகிரியும் அவர்களுக்குத் தாத்தாவின் ஊரைவிட நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, குடியுரிமைப் பட்டியல் ஒரே குடும்பத்தை இரண்டாக வெட்டியதுதான். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை. மொழியும் உணவும் சாமியும் இங்கே அப்படியே கிடைத்தன. பட்டியல் போட்டுப் பார்த்தால் அவர்கள் இழந்தது மிகக் குறைவு. ஆனாலும் அந்த இழப்பு மூன்றாம் தலைமுறை வரை பேசப்படுகிறது. பொருட்கள் அத்தனையும் கிடைத்து மனிதர்கள் மட்டும் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் மண்ணில் இல்லை.

இதற்கு மறுபக்கச் சான்று திருச்செங்கோட்டில் கிடைக்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் அங்கிருந்து இந்தியாவெங்கும் போகின்றன, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கின்றன. குழுவாகவே போய், குழுவாகவே சமைத்து உண்டு, வண்டியிலேயே படுத்து எழும் வாழ்க்கை. உடலுக்கு மிகக் கடினம். குடும்பத்தைப் பிரிந்திருப்பதும் உண்டு. ஆனால் தன் பேச்சைத் தன் வழக்கிலேயே கேட்கும் நாலு பேர் எப்போதும் அருகில் இருக்கிறார்கள். நல்ல சம்பளத்தில் தனி அடுக்ககத்தில் இருக்கும் பொறியாளருக்கு அது வாய்ப்பதில்லை.

அப்படியானால் கிளம்புமுன் சரியாகக் கணிக்க என்ன செய்வது? 2009-இல் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனை வழிகாட்டுகிறது. ஒரு ஆணோடு சில நிமிடங்கள் உரையாடுவது தமக்கு எந்த அளவுக்குப் பிடிக்கும் என்று பெண்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். சிலருக்கு அவருடைய படமும் விவரங்களும் தரப்பட்டன. சிலருக்கு, முன்பு அவரோடு பேசிய முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மதிப்பெண் மட்டும் தரப்பட்டது. இரண்டாம் வகையினரின் கணிப்பே உண்மைக்கு நெருக்கமாக அமைந்தது. நம் கற்பனையைவிட ஏற்கெனவே போய்வந்த ஒருவரின் அனுபவம் நம்பத்தக்கது.

ஃபேர்லேண்ட்ஸில் போய்வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். பசிபிக் தீவான டோங்காவிலிருந்து குலுக்கல் முறையில் நியூசிலாந்து போகிறவர்களை மெக்கன்சி, கிப்சன், ஸ்டில்மன் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். போக விரும்பியவர்கள் அங்கே கிடைக்கும் வருமானத்தைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். பணம் அனுப்பச் சொல்லி ஊரார் நெருக்குவார்கள் என்பதால், முன்பே போனவர்கள் சம்பளத்தைக் குறைத்துச் சொல்லிவந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். போய்ச் சேர்ந்தவர்களின் வருமானம் பலமடங்கு உயர்ந்தது, மன நலம் மேம்பட்டது. ஆனால் சில ஆண்டுகளில் அவர்கள் தம் மகிழ்ச்சிக்குத் தந்த மதிப்பெண் குறைந்திருந்தது. நம் பக்கம் மறைப்பது வேறு. வீட்டில் கவலைப்படுவார்கள் என்று, 'நல்லா இருக்கேம்மா' என்ற ஒரு வாக்கியத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். அது அன்பினால் சொல்லப்படுவது; ஆனால் அடுத்துக் கிளம்புகிறவருக்குத் தகவல் ஆகாது.

அதனால், அங்கே இருப்பவரைவிடத் திரும்பி வந்தவரிடம் கேட்பது மேல். 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் கதைதான் கிடைக்கும். 'போன மூன்றாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உடன் யார் இருந்தார்கள்? உடம்புக்கு முடியாத அன்று யாரைக் கூப்பிட்டீர்கள்?' என்று கேளுங்கள். மூன்றாம் மாதம் என்பதைச் சட்டமாகச் சொல்லவில்லை. முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு எழுச்சி என்ற வளைவை ஸ்வெரே லிஸ்கார்ட் 1955-இல் முன்வைத்தார். நியூசிலாந்தில் படித்த ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்த 1998 ஆய்வோ, போய் இறங்கிய நாட்களே மிகக் கடினமானவை என்று கண்டது. எந்த மாதமானாலும் சரி, ஒரு சாதாரண நாளைக் கேட்க வேண்டும். தீபாவளியைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை. அன்றைக்கு அங்கேயும் கூடிவிடுவார்கள்.

இங்கேயே இருக்கப்போகும் பெற்றோரும் கணிக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். 'தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது அவர்களுடைய கணிப்பு. பார்ப்பதில் குறையில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் சேலத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் இடைவெளி. இங்கே மாலை விளக்கேற்றும் நேரம் அங்கே காலை அவசரம். அழைப்பு வருகிறது, முகம் தெரிகிறது, பேரக்குழந்தை கையசைக்கிறது. ஆனால் பெற்றோர் அதுவரை செய்துவந்த வேலைகள் நின்றுபோகின்றன. பால் காய்ச்சி வைப்பது, வாசலில் காத்திருப்பது, 'இன்னும் வரலையே' என்று திட்டுவது. யாருக்காவது பயன்பட்டுக்கொண்டிருந்தோம் என்பதை இழக்கப்போகிறோம் என்று அவர்கள் முன்பே நினைத்துப் பார்ப்பதில்லை. கிளம்புமுன் எடைக்கருவியின் அருகே செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை, அம்மாவும் அப்பாவும் அடுத்த ஆண்டு காலை பத்து மணிக்கு என்ன செய்வார்கள், யாருடன் பேசுவார்கள், மருத்துவமனையில் கையெழுத்துப் போட யார் வருவார் என்ற பேச்சுக்குக் கொடுத்தால் நன்று. கேட்கவே சங்கடமான பேச்சு. வெளிப்படையாகப் பேசிக்கொண்ட குடும்பங்கள் பின்னால் குறைவாகவே துன்பப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு தடங்கல் மிச்சமிருக்கிறது, அதற்கு யாரைக் கேட்டும் விடை கிடைக்காது. 2013-இல் க்வாட்பாக், கில்பர்ட், வில்சன் மூவரும் 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், எந்த வயதினரும் கடந்த பத்தாண்டுகளில் தாம் நிறைய மாறிவிட்டதாகவும் வரும் பத்தாண்டுகளில் அவ்வளவு மாறப்போவதில்லை என்றும் சொன்னார்கள். பதினெட்டு வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் இதில் ஒன்றே. எதற்கு ஏங்குவேன் என்று இன்று பட்டியல் போடுகிறவர், பத்தாண்டு கழித்தும் இதே ஆளாக இருப்போம் என்று வைத்துக்கொண்டு போடுகிறார். ஊரும் அப்படியே நிற்கும் என்று வைத்துக்கொள்கிறார். 2010-இல் கிளம்பியவர் நினைவில் வைத்திருந்த ஐந்து ரோட்டுக்கு மேலே இன்று ஈரடுக்குப் பாலம் போகிறது. அவர் திரும்பி வரும்போது வழி கேட்கிறார். சொல்லுகிறவர் வேறு ஊரிலிருந்து இங்கே குடிவந்தவர், அவருக்கும் ஏங்குவதற்கு ஓர் ஊர் இருக்கிறது.